பசித்தவரின் கேள்வி

கிறிஸ்தவ நிவாரணப் பணி பற்றி நம்மவர்களிடையே பேச்சு எழுந்தால், "மதம் மாத்தத்தானே வாறாங்க?" என்பதோடு அது முடிந்துவிடும். அப்பணியாளர்கள் தம் பணியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி வாசிப்போர் குறைவு. பிரயன்ட் மையர்ஸ் எழுதி 1999இல் வெளிவந்த 'வோக்கிங் வித் த புவர்' அப்படி வாசிக்க வேண்டிய ஒரு நூல். 1950இல் பொப் பியர்ஸ் தொடங்கிய வேர்ல்ட் விஷன் நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர் மையர்ஸ்.

இறைவனோடும் தன்னோடும் பிறரோடும் இயற்கையோடும் மனிதனுக்குள்ள உறவுகள் சிதைந்துபோன நிலையே வறுமை என்பது அவரது அடிப்படை வாதம். றொபேர்ட் சேம்பர்ஸ் வறுமைப் பொறியின் கூறுகளாகக் காட்டிய பொருளின்மை, உடற்பலவீனம், ஒதுக்கப்பட்டிருத்தல், பாதுகாப்பின்மை, அதிகாரமின்மை ஆகிய ஐந்துடன் ஆன்மிக வறுமையையும் அவர் சேர்க்கிறார். எனவே கிணறு வெட்டுவதும் ஆன்மிக மாற்றமும் அவருக்கு ஒரே வேலைதான்.

நூலின் பெரும் பலம், கொடுப்பவரும் மாற வேண்டும் என்று அது வற்புறுத்துவதாகும். இந்தியரான ஜெயக்குமார் கிறிஸ்டியனின் ஆய்வைத் துணைக்கொண்டு, வசதியுள்ளோர் ஏழைகளின் வாழ்வில் கடவுளைப் போல நடந்துகொள்வதையும், அதனால் ஏழைகள் தம்மைப் பற்றிய மதிப்பையே இழந்துவிடுவதையும் மையர்ஸ் விளக்குகிறார். ஸகாத் பங்கிடும்போது விதவைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்கும் நாமும் வாசிக்க வேண்டிய பகுதி இது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது, "இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்?" என்று மக்களே கேட்கும்படி வாழ வேண்டும், அக்கேள்விக்கு விடையாகவே நற்செய்தியைச் சொல்ல வேண்டும் என்கிறார் மையர்ஸ். கண்ணியமான வழிதான். ஆனால் கேட்பவர் எந்த நிலையில் நின்று கேட்கிறார்?

2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த மூத்தம்மா ஒருவர் நிவாரணப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன் மகன், இவங்க நமக்கு இதெல்லாம் ஏன் தாறாங்க?" மையர்ஸ் எதிர்பார்க்கும் அதே கேள்வி. நான் வாய் திறக்குமுன் அடுத்ததும் வந்தது: "இதுக்கு நாம என்னத்தக் குடுக்கணும்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு மையர்ஸ் போதிய இடம் தரவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர் கேட்கும் 'ஏன்' விலையைப் பற்றிய பயத்தோடு சேர்ந்தே வருகிறது. அதிகாரத்தைப் பற்றி அவ்வளவு கூர்மையாக எழுதியவர், விடை சொல்லும் இடத்திலும் அந்த அதிகாரம் கூடவே நிற்பதை உரிய அளவு கவனிக்கவில்லை.

சட்டம் கண்ட தீர்வும் திருப்தியானதல்ல. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையின் கூட்டிணைப்புச் சட்டமூலத்தை, சமயப் பரப்புரையையும் உதவிப் பணியையும் சேர்த்துச் செய்ய இடமளிப்பதால், அரசியலமைப்புக்கு முரணானது என நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஏழைக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்ற எண்ணம் இத்தகைய தடைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. சிறுபான்மையினரான நாம் இதற்குக் கைதட்டினால், நாளைக்கு நமது தஃவாப் பணிக்கும் இதே அளவுகோல் வரும்.

நாமும் சுத்தக் கையோடு பேசவில்லை. உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியவர்களுக்கும் ஸகாத்தில் ஒரு பங்கு உண்டு. அதைச் சட்ட அறிஞர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். ஆனால் ஸூரத்துல் இன்ஸான் அநாதைக்கும் ஏழைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் கைம்மாறையும் நன்றியையும்கூட எதிர்பார்ப்பதில்லை என்கிறது. மையர்ஸையும் நம்மையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கக்கூடிய அளவுகோல் இதுதான்.

"ஒண்டும் குடுக்கத் தேவல்ல உம்மா" என்று அன்று சொன்னேன். பொதியைத் தந்தவர்கள் சார்பில் அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இந்நூலை வாசித்து முடித்தபோது யோசித்தேன். அது அவர்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய விடை.