'அவதார்' திரைப்படத்தில் காணுதல்

ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'அவதார்', முப்பரிமாணக் காட்சியமைப்புக்காகவே பெரிதும் பேசப்பட்டது. கனிமம் தேடி வரும் நிறுவனம், மண்ணைக் காக்கும் தொல்குடி, அணி மாறும் வீரன் எனக் கதை பழையதே. பண்டோரா என்னும் அவ்வேற்றுலகைப் பார்வையாளர் எந்நிலையில் நின்று காண்கின்றனர் என்பதே ஆராயத்தக்கது.

கால்கள் செயலிழந்த ஜேக் சல்லி பேழை போன்ற கருவிக்குள் அசையாது கிடக்க, அவனது உணர்வு நாவி உடலில் ஓடித் திரிகிறது. இருண்ட அரங்கில் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் பார்வையாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இரவுக் காட்டில் நெய்டிரி அவனது தீப்பந்தத்தை நீரில் எறிந்து அணைத்த பின்னரே செடிகொடிகளின் ஒளி புலப்படுகிறது. மனிதன் ஏந்திவந்த வெளிச்சமே அவ்வுலகை மறைத்திருந்தது என்பதை உரையாடலின்றி உணர்த்தும் இக்காட்சிக்கு நிகரானது படத்தில் வேறில்லை.

நாவி மக்களின் வணக்கமொழியும் காணுதலையே குறிக்கிறது. எதிரிலிருப்பவரின் அகத்தை அறிதல் என்பது அதன் பொருள். இவ்வளவு நுட்பமாகக் காணுதலைப் பேசும் படம், தானே அதனை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. நாவி மொழியை மொழியியலாளர் பால் ஃப்ராம்மர் இலக்கணத்துடன் உருவாக்கியிருந்தும், நெய்டிரி ஜேக்குடன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உரையாடுகிறாள். இல்லமரம் வீழ்ந்தபின் மக்களைத் திரட்டும் தலைமையும் வந்தேறியான ஜேக்கிடமே சேர்கிறது. நாவி மக்கள் தம் உலகைத் தாமே எவ்வாறு காண்கின்றனர் என்பதற்குத் திரைக்கதையில் இடம் குறைவு.

ஜேக் நாவி உடலிலேயே நிலைபெற்றுக் கண் திறக்கும் கணத்தில் படம் முடிகிறது; அக்கண்கள் காணும் உலகம் காட்டப்படவில்லை.