குறியெதிர்ப்பையும் கடனும்: புறப்பாட்டு மூன்றில் கடன் தீரும் நெறி

வறுமை வேறு, கடன் வேறு. பொருள் இல்லாமை வறுமை. அவ் இல்லாமையைப் பிறர் பொருளால் இன்று மறைத்து நாளைக்கு ஒத்திவைப்பது கடன். சங்கச் சான்றோரின் வறுமையைப் பற்றி நம் திறனாய்வாளர் நிரம்ப எழுதியுள்ளனர். அவர்தம் கடனைப் பற்றித் தனித்து ஆராய்ந்தவர் சிலரே. புறநானூற்றில் கடன்பட்ட குடி 163, 316, 327 ஆகிய மூன்று பாட்டுக்களில் வெளிப்படையாக வருகின்றது. இம் மூன்றையும் வள்ளன்மைக்கும் விருந்தோம்பலுக்கும் எடுத்துக்காட்டாகவே வகுப்பறையில் கூறி வருகின்றோம். அங்ஙனம் கூறுதல் பிழை ஆகாது. ஆயின் பாட்டின் பாதியை விட்டுவிடுதலாகும். சிறு வருவாயுடைய ஒரு குடி எவ்வாறு கடனுள் வீழ்கின்றது, எழ முயலும்போது எவ்விடத்தே இடறுகின்றது என்பதனை இப் பாட்டுக்கள் காட்டுகின்றன என்பதே யான் ஈண்டு நிறுவப் புகுவது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். திருக்குறளில் 'கடன்' என்னும் சொல் கடமை என்னும் பொருளிலேயே ஆளப்பெறுகின்றது. நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கவும், கடன் கோடலுக்கென ஓர் அதிகாரம் அங்கு இல்லை. இதனைக் கண்டு, வள்ளுவர் காலத்தே கடன் வழக்கு அருகியிருந்தது என்று முடிவு கட்டுவாரும் உளர். அம் முடிவு பொருந்தாது. ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே (221) கொடுத்து வாங்கும் வழக்கு வந்துவிடுகின்றது. அங்கு அதற்குப் பெயர் 'குறியெதிர்ப்பை'. அளவு குறித்து வாங்கி, வாங்கிய அவ்வளவே திருப்பித் தருவது அது என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். இவ் விளக்கத்துள் வட்டிக்கு இடமில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு நாழி வாங்கின் ஒரு நாழி; அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இவ் வழக்கு நூலோடு நின்றதன்று. என் இளமையில் எங்கள் தெருவில் உழக்கு அரிசியும் ஆழாக்கு எண்ணெயும் வீட்டுக்கு வீடு இவ்வாறே சென்று மீண்டன. திருப்பித் தரும்போது என் அன்னையார் படியைத் தலைவழிக்காமல் சிறிது குவித்தே அளப்பார். அக் குவியல் வட்டியன்று; அடுத்த முறை கேட்கும் வாய்க்கு அவர் முன்னதாகச் செய்துகொண்ட காப்பு. இக்காலத்தார் 'கைமாற்று' என்பது இதனையே. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதை முழுவதும் கைமாற்றின் மேலும் கடைப் பாக்கியின் மேலும் நிற்கின்றது. கதை முடியும்போது பாக்கி தீரவில்லை, நாள்தான் தீர்கின்றது.

கடன்பட்டவனின் உள்ளத்தை இலங்கை வேந்தன் கலக்கத்திற்கு உவமையாக்கும் தொடர் ஒன்று கம்பர் வாக்கு என நாட்டில் வழங்குகின்றது. மேடையில் அதனைக் கூறாத பேச்சாளர் அரியர். கம்பராமாயணத்துள் அத் தொடர் இல்லை. கம்பர் பாடவில்லை என்பதனால் அதன் உண்மை குறைந்துவிடாது. எனினும் அதனையே மீண்டும் மீண்டும் எடுத்தோதும் பழக்கம் நமக்கு ஒரு தீங்கு செய்துள்ளது. கடனை உள்ளத்தின் கலக்கமாக மட்டும் காணப் பழகிவிட்டோம். அது வரவு செலவில் தோன்றும் ஒரு நிகழ்ச்சி என்பதும், அதற்கு முன்னும் பின்னும் உண்டு என்பதும் மறந்துபோயின. புறப்பாட்டுக்கள் அவ்வாறு மறக்கவில்லை.

327-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடினார் பெயர் கிடைத்திலது. திணை வாகை; துறை மூதின்முல்லை. புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுதலின் இதற்குப் பழைய உரையும் இல்லை. ஆதலின் பாட்டையே ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தலைவனின் விளைச்சல் வரகு. எருதுகளை விட்டுக் கடாவடிக்கும் அளவிற்கு அது இல்லை. இளைஞர் தாமே துவைத்து எடுக்கின்றனர். வருவாயின் சிறுமையைப் புலவர் 'சிறிது' என்று சொல்லி அமையாமல், களத்தில் எருது இல்லாமையால் காட்டுகின்றார். அக் களத்திற்கே கடன் கொடுத்தவர் வந்துவிட்டனர். முதற் பங்கு அவர்க்குச் செல்கின்றது. எஞ்சியதைப் பசித்து வந்த பாணர் உண்டு செல்கின்றனர். சுற்றத்தாரின் பசி அப்படியே நிற்கின்றது. அப் பசியை நீக்க வேண்டித் தலைவன் தன் ஊரிலுள்ள எளிய மனத்தாரிடம் சென்று, அவர் முகம் நோக்கிச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி, மீண்டும் வரகையே கடனாகக் கேட்கின்றான். இவனே பேரரசன் படையொடு வரினும் எதிர்நின்று தடுக்க வல்லவன் என்று பாட்டு முடிகின்றது.

இப் பாட்டின் வரிசை முறையைக் கூர்ந்து நோக்குக. கடன், விருந்து, சுற்றம், மீண்டும் கடன். தொடங்கிய இடத்திற்கே பாட்டு வந்து சேர்கின்றது. இத் தலைவன் கடனை மறுத்தவன் அல்லன். காலம் தாழ்த்தியவனும் அல்லன். களத்திலேயே கொடுத்துவிட்டான். நாணயமுடைய கடனாளி செய்யத்தக்கது எதுவோ அதனைக் குறைவறச் செய்தான். செய்தும் அவன் கடன் தீரவில்லை. கடன் கொடுத்தவரின் பெயர் மட்டுமே மாறிற்று. ஏன்? வருவாய் வந்த அன்றே அது முழுதும் பிறர் கைக்குச் சென்றது. அடுத்த விளைச்சல் வரும்வரை உண்பதற்கென ஒரு பங்கை அவன் எடுத்து வைக்கவில்லை. திங்கள் முதல் நாளில் ஊதியம் முழுவதையும் கடன்காரர்க்குப் பகிர்ந்துவிட்டுப் பதினைந்தாம் நாளில் புதிய கைமாற்றுத் தேடும் எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். அவர்க்கு நேர்வதும் இதுவே.

பாட்டின் இறுதியிலுள்ள வீரத்தைப் புகழ்ந்து செல்வோர், அதற்கு முன் நிற்கும் 'சிறுபுல்லாளர்' என்னும் சொல்லைப் போதிய அளவு எண்ணவில்லை என்பது என் கருத்து. வேந்தன்முன் வணங்காத தலை தன்னினும் சிறியார்முன் வணங்குகின்றது. அதுவே இப் பாட்டின் நடு. வீரம் அவ் வணக்கத்தை ஈடு செய்கின்றது என்று கொள்வதினும், வணக்கத்தின் கொடுமையை வீரம் மிகுவிக்கின்றது என்று கொள்வதே பொருத்தமுடைத்து.

மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் பாடிய 316 இதனினும் ஒரு படி கீழே செல்கின்றது. நேற்று வந்த விருந்திற்குத் தலைவன் தன் பழைய வாளை அடகு வைத்தான்; இன்று வந்தவர்க்கு யாழ் பணையமாகின்றது. பணையத்தில் திரும்பக் கேட்பார் இல்லை. களத்திற்கு வந்து நிற்பாரும் இல்லை. ஆதலின் அது கடனினும் எளிதுபோலத் தோன்றும். ஆயின் அடகில் வைக்கப்பெற்றது எது? வாள் மறவனின் தொழிற்கருவி. அதனை மீட்டால் அன்றி அவன் பொருள் ஈட்டல் இயலாது. ஈட்டினால் அன்றி மீட்டல் இயலாது. தையற் பொறியை அடகு வைத்த தையற்காரன் நிலையும் இஃதே. புலவர் இதனைச் சிறிதும் இரங்கிப் பாடாமல் கள்ளின் களிப்போடு பாடியிருத்தலின், கேட்பவர் இழப்பை எண்ணாமலே கடந்துவிடுகின்றனர்.

இனி, கடனாளிக்கு அறிவுரை கூறுவோர் எல்லாரும் எடுத்துக்காட்டும் குறள் ஒன்றுண்டு. வருவாய் குறுகியதாயினும் செலவு விரியாதாயின் கேடில்லை என்னும் கருத்துடைய 478-ஆம் குறள் அது. சிக்கனச் சொற்பொழிவுகள் அதனின்றே தொடங்குகின்றன. ஆயின் அது நிற்கும் இடம் அரசியலில் வலியறிதல் அதிகாரம். அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் பொருள்வலி பற்றியன எனப் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவர். அரசனுக்குக் கூறியது குடிமகனுக்கும் ஆகும் என்பதனை யான் மறுக்கவில்லை. நான் சுட்ட விரும்புவது வேறு. வரவும் செலவும் ஒத்திருப்பினும் கேடில்லை என்பது அவ்வுரையால் பெறப்படும் கருத்து. கடன் இல்லாதவனுக்கு அது முழுதும் உண்மை. குறியெதிர்ப்பை மட்டும் பெற்றவனுக்கும் அவ் ஒப்பு தீங்கு செய்யாது. நின்ற கடன் நின்றவாறே நிற்கும். வட்டிக்கு வாங்கியவனுக்கோ அஃது உண்மையன்று. பதினாயிரம் ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கியவன், மாதந்தோறும் 300 ரூபாய் தவறாது கட்டி வந்தால் 3 ஆண்டுகளில் 10,800 ரூபாய் கொடுத்திருப்பான். அவன் வரவும் செலவும் ஒத்தே இருந்தன. முதலோ 10,000 ரூபாயாக அப்படியே நிற்கும். கேடு வாராமல் காக்கும் நெறியும் வந்த கேட்டை மாற்றும் நெறியும் வெவ்வேறு. முன்னதைக் கூறும் குறளைப் பின்னதற்கு மருந்தாகத் தருதல் குறளுக்குச் செய்யும் பெருமை ஆகாது.

அதற்கு முந்திய குறளின் (477) உரையில்தான் கடனாளிக்குப் பயன்படும் பகுதி உள்ளது. பொருளை நான்கு கூறாக்கி, இரண்டனைத் தன் செலவிற்கும், ஒன்றனைப் பின் வரும் இடரை நீக்குதற்குரிய வைப்பிற்கும், எஞ்சிய ஒன்றனை ஈகைக்கும் ஆக்குமாறு பரிமேலழகர் வகுத்துரைப்பர். கடன் தீர்த்தற்கு இதில் கூறு இல்லை. கடனாளி ஒருவன் இவ் வகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டால், எக் கூற்றிலிருந்து கடனைச் செலுத்துவான்? செலவிலிருந்து எனின், 327-இல் கண்ட குடிக்கு அச் செலவு வயிற்றளவே. வைப்பிலிருந்து எனின், அடுத்த இடரில் மீண்டும் சிறுபுல்லாளர் வாயில். எஞ்சுவது ஈகைக் கூறு ஒன்றே. அத் தலைவன் தொட மறுத்ததும் அதுவே. பாணரை உண்ணவிட்டான், ஆகவே கடன்பட்டான். நாம் போற்றும் அவன் பெருமையும் அவன் கடனும் ஒரே செயலின் இரு பக்கங்கள். இதனால் அவன் ஈந்தது தவறு என்று யான் கூறியதாகக் கொள்ளற்க. அவ் ஈகைக்கு இத்துணை விலை உண்டு என்பதனைப் பாட்டு மறைக்கவில்லை; மறைத்தவர் நாமே.

இங்கு ஒரு தடை எழும். ஈகைக் கூற்றைக் கடனுக்குத் திருப்பலாமோ? குறியெதிர்ப்பையின் தன்மையுடையது ஈகையன்று என 221-ஆம் குறள் பிரித்துவிட்டதே எனின், அதற்கு விடை 163-இல் உள்ளது.

பெருஞ்சித்திரனார் இல்லத்தின் பசியை 159, 160 ஆகிய பாட்டுக்கள் வாயிலாக நாம் முன்னரே அறிவோம். குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்த வீடு அது. பசித்த புதல்வனுக்கு மதியைக் காட்டி ஆற்றிய வீடு. முதிரத்துக் குமணன் தந்த வளத்தோடு புலவர் மீள்கின்றார். மீண்டவர் மனைவியிடம் கூறுவதே 163. யார் யார்க்குக் கொடுக்க வேண்டும் என்பதனை வரிசையாகச் சொல்கின்றார்: அவளை விரும்பி உறைவோர், அவள் விரும்புவோர், அவள் சுற்றத்தின் முதியோர், அவர்களோடு, குடும்பத்தின் பசி தீர நெடுங்காலமாகக் குறியெதிர்ப்பை தந்து வந்தோர். கடன் கொடுத்தோரும் ஈகை பெறுவோரும் ஒரே வரிசையில், 'கொடு' என்னும் ஒரே வினையின்கீழ் நிற்கின்றனர். குறள் பிரித்ததனைப் பாட்டு சேர்க்கின்றது. முரணோ எனின், அன்று. குறள் கொடுப்பவன் பக்கம் நின்று வரையறுக்கின்றது: மீளும் எனக் கருதிக் கொடுத்தது ஈகையாகாது. பாட்டு பெற்றவன் பக்கம் நிற்கின்றது: பசித்த நாளில் அளந்து தந்தவர்க்குத் திருப்பி அளத்தலும் கொடையோடு ஒருங்கு வைக்கத்தக்கது. கடன் தீர்த்தலை ஈகைக் கூற்றில் வைத்தெண்ணுதற்கு நம் இலக்கியத்துள் யான் கண்ட சான்று இது.

அளவறிந்து வாழ்வோம் என்று எண்ணாதே என்றும் புலவர் உடன் கூறுகின்றார். இதனைக் காட்டி, இவர் கடன் தீர்த்தவர் அல்லர், மீண்டும் கடன்படப் போகின்றவர் என நண்பர் ஒருவர் என்னோடு வழக்கிட்டார். இருக்கலாம். வந்தது முழுதும் சென்றுவிடின் 327-இன் களத்திற்கே இவ் வீடும் வந்து சேரும். குமணன் கொடை ஆண்டுதோறும் வரும் விளைச்சலும் அன்று. ஆயினும் அவ் ஏவலின் மற்றொரு பகுதியை அவர் எண்ணவில்லை. என்னைக் கலந்து எண்ண வேண்டா என்கின்றார் புலவர். இது வெறும் பெருந்தன்மை மட்டுமோ? குறியெதிர்ப்பை மனைவியின் உறவாலும் மனைவியின் வாய்ச்சொல்லாலும் வந்தது. எவ் வீட்டில் எத்தனை நாழி, எப்போது வாங்கியது, யார்க்கு முன்னர்த் தருவது என்பவை அவள் அறிந்தவை. புலவர் வள்ளல்களை நாடி ஊர் ஊராகத் திரிந்தவர். கணக்கு அவர் கையில் இல்லை. கலந்து எண்ண வேண்டா என்பதில், கலந்தாலும் அவர் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்னும் பொருளும் அடங்கியிருக்கின்றது.

அவள் அவ் ஏவலின்படி அனைத்தையும் கொடுத்தாளா, நெடுநாட் குறியெதிர்ப்பையை முதலில் அளந்துவிட்டு ஒரு பானையை மூடி வைத்தாளா என்பது பாட்டில் இல்லை. அவள் மறுமொழி பாடப்பெறவில்லை.