சில்பியின் கோடும் சித்திரப் பாடமும்

ஆனந்த விகடனில் சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ ஓவியங்களை மாணாக்கர்முன் வைத்து, ‘இதைப் பார்த்து எழுது’ என்னும் ஆசிரியர் உண்டு. இது பொருந்தாது. சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்ற அவர், கோயில்களுக்கே சென்று சிலையின் எதிரே அமர்ந்து தீட்டினார். கல்லின் குளிர்ச்சியைக்கூட அவர் நிழற்கோடுகள் உணர்த்தும். ஆயினும் அச்சில் நாம் காண்பது முடிவு. அளவு கண்ட வழி அதில் தெரியாது. நிழற்கோடுகளை மட்டும் பிரதி செய்யும் பிள்ளை, தோள் எங்கே, இடை எங்கே என்று அறியாமலே தாளைக் கறுப்பாக்கும்.

முதற்பாடம் அளவே. கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் தலையின் உயரத்தைக் குறித்து, உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என்று எண்ணட்டும். நிற்கும் மனிதருக்கு ஏழு, ஏழரை வரும். நம் சிற்ப நூலார் முகத்தை அளவாகக் கொண்டு தாளம் என வகுத்ததும் இதுவே. கோலமிடும் சிறுமிக்கு இது புதிதன்று. புள்ளி பிசகினால் இழை சேராது என்பதை வாசலிலேயே படித்தவள். பையன்களைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்!

பினாங்கு ஆசிரியர்கள், 1833இல் எழுந்த குவீன் வீதி மாரியம்மன் கோயிலுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லலாம். கோபுரத்தில் ஒரு சுதைப் பொம்மை போதும். வண்ணப் பெட்டி வேண்டா. சில்பியின் படத்தை அதற்குப் பின் காட்டுங்கள்.