அல்மா என்னும் சொல்லும் தமிழ் விவிலியமும்

போத்தனூர் இருப்புப்பாதைச் சந்திப்பைச் சூழ்ந்து வாழும் கிறித்தவருள் கத்தோலிக்கரும் உளர். சீர்திருத்தச் சபையாரும் உளர். ஏசாயா தீர்க்கதரிசனத்தின் 7ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தை இவ்விரு திறத்தாரும் தத்தம் விவிலியத்திற் படிக்குங்கால் ஒரு சொல் வேறுபடும். 1871இல் பவர் ஐயர் குழுவினர் முடித்த பழைய பெயர்ப்பு “கன்னிகை” என்னும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் “இளம்பெண்” என்னும். இரண்டும் அல்மா என்னும் ஒரே எபிரேயச் சொல்லின் பெயர்ப்பே. இவற்றுள் எது தகும்?

அல்மா என்பது மணப்பருவம் எய்திய இளையாளைக் குறிக்கும் பருவப்பெயர். அதன் ஆண்பாலாகிய ஏலெம் என்பது இளைஞனாகிய தாவீதுக்கு வழங்கிற்று. ஆணை அறியாமையை அச்சொல் சுட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. மணமாகாத ரெபெக்காளும் அல்மா எனப்பட்டாள். கன்னிமை குறிக்கப் பெரிதும் பயில்வது பெத்தூலா என்னுஞ் சொல். அதுவும் ஐயமற்றதன்று, யோவேல் நூலில் தன் இளமைக்காலத்துக் கணவனை நினைந்து புலம்புபவள் பெத்தூலாவே. ஆகலின், “கன்னியாயின் பெத்தூலா என்றன்றோ கூறியிருப்பர்!” என்று வெற்றிக்கொடி நாட்டும் நம்மவர் சற்றே நிதானித்தல் நன்று.

கிறித்துவுக்கு முன்னரே யூதர் இயற்றிய கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லைப் பார்த்தெனோஸ், அஃதாவது கன்னி, என்றது. மத்தேயு அதனையே எடுத்தாண்டார். பின்வந்த அக்குவிலா முதலியோர் இளம்பெண் எனப் பொருள்படும் நேயானிஸ் என்பதைக் கொண்டனர். 1952இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பெயர்ப்பு இப்பொருளைக் கொண்டபோது, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அவ்வேட்டைத் தீயிலிட்டார். ஏடு எரிந்தது, எபிரேயச் சொல் இருந்தபடியே இருந்தது.

இடத்தை நோக்குவார்க்குப் பொருள் தெளிவாம். கி.மு. 735ஐ ஒட்டிச் சிரியா, இஸ்ரயேல் அரசர் இருவர் ஆகாஸ் மன்னனை நெருக்கினர். பிறக்கும் குழந்தை நன்மை தீமை அறியுமுன் அவ்விருவர் நாடும் பாழாம் என்பதே ஏசாயா உரைத்த அடையாளம். அதன் வலிமை குழந்தை வளருங் காலத்தில் உளதேயன்றித் தாயின் கன்னிமையில் உளதாகக் காணோம். கருவுற்றமை கூறும் ஹாரா என்னுஞ் சொல்லும், முன்னரே கருக்கொண்டிருந்த ஆகாருக்கு ஆதியாகமத்தில் வழங்கியதே. எனவே 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பினர் “கருவுற்றிருக்கும்” என்றதும் பொருந்தும்.

உலகீன்ற அம்மையைக் கன்னியென்றே வழுத்தும் சைவர்க்குக் கன்னி தாயாதல் கேட்கத் தகாத புதுமையன்று. கிறித்தவர் கொள்கையை மறுத்தற்கு இச்சொல் கருவியுமன்று. மத்தேயுவும் லூக்காவும் அதனைத் தம் வரலாற்றிலேயே தனியே கூறியுள்ளனர். ஈண்டு வினா ஒன்றே: மூலச்சொல்லைப் பெயர்ப்பதா, பின்னோர் கொண்ட துணிபைப் பெயர்ப்பதா? பார்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் சைவ ஆசிரியராகிய ஆறுமுக நாவலர். 1850இல் அஃது அச்சேறிற்று. தம் சமயமல்லாத நூலுக்கும் மூலத்தை ஒட்டிய தமிழ் வேண்டுமென உழைத்தார் வழிவந்தோர், இவ்வினாவைப் பிறர் வழக்கென ஒதுக்குதல் ஆகாது.

திருவிவிலியம் ஏசாயாவில் இளம்பெண் என்றும், மத்தேயுவில் கன்னி என்றும் வேறுபாட்டை மறையாது நிறுத்தியது. பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகப் பருவப்பெயர் ஏழுடைய தமிழில் மடந்தை என்பதும் அல்மாவுக்கு இயையும். எனினும் இக்காலத்தார் செவிக்கு இளம்பெண்ணே எளிது.