கான் சாகிபுவின் குத்தகை

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் மேடைகளிலும் கிள்ளான் மண்டபங்களிலும் மருதநாயகம் என்கிற யூசுப் கான் சாகிபுவை ‘முதல் விடுதலை வீரர்’ என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. 1997இல் எலிசபெத் ராணி முன்னிலையில் தொடங்கி முடியாமலே நின்றுபோன கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ படத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. நம் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வீரன் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். பனையூரில் பிறந்து, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகி, மதுரையையே ஆண்டவர் அவர். குளங்களைச் செப்பனிட்டார், மீனாட்சி கோயிலுக்கு மானியம் தந்தார். 1764 அக்டோபர் 15இல் தூக்கில் தொங்கினார். எல்லாம் உண்மை.

ஆனால் அந்த ஆட்சி எதில் நின்றது? 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு அவர் குத்தகை எடுத்தார். அந்தப் பணம் குடியானவன் களத்திலிருந்து வரவேண்டும். கள்ளர் நாட்டில் காட்டை வெட்டி வழியமைத்து, ஓடியவர்களைச் சுட்டு, பிடிபட்டவர்களை அவர் கொன்றதை அக்காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். 1761இல், கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவரும் இவரே. அதே மேடையில் அடுத்த பேச்சாளர் பூலித்தேவரையும் முதல் வீரர் என்கிறார். கூட்டம் இருவருக்கும் கைதட்டுகிறது. வீழ்த்தியவருக்கும் எதிர்த்தவருக்கும் ஒரே மாலை என்றால், அந்த மாலைக்கு என்ன அர்த்தம்?

கடைசியில் யூசுப் கான் கம்பெனியோடு மோதியது உண்மை. ஆற்காட்டு நவாபுக்குக் கீழ்ப்பட்டவராக இருக்க மறுத்தார், கம்பெனி நவாபின் பக்கம் நின்றது, இவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். தோட்டத்துத் துரையோடு முறைத்துக்கொண்ட கங்காணியை நாம் தொழிலாளர் தலைவன் என்போமா? தாவூத் கான் பன்னியைப் பாருங்கள். பட்டாணியத் தளபதி, மொகலாயருக்காகப் போரிட்டு, கர்நாடக நவாபாக உயர்ந்தவர், 1702இல் சென்னைக் கோட்டையையே முற்றுகையிட்டவர். ஆங்கிலேயரை அவரும்தான் எதிர்த்தார். அவருக்கு ஏன் விழா இல்லை? அவர் தமிழர் இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் நாம் போற்றுவது எதிர்ப்பையல்ல, பிறப்பை.

இந்தக் கொண்டாட்டத்தை வேறு ஊரார் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். கிள்ளானில் செய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1941இல் இதே வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அவர்களை அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் திரட்டிய ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, குடியானவரைச் சுட்ட சிப்பாய்த் தலைவனுக்குக் கைதட்டச் சொல்கிறோம். நாதன் பெயரை அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மேடை சொல்லிக்கொடுத்தது?