நாற்சந்திப் பாட்டும் நம் மலைப்பாட்டும்

தொகை என்பது தமிழர்க்குப் புதியதன்று. பாடியவர் யார், திணை யாது, துறை யாது என்று குறித்துவைத்துப் பாட்டைக் காத்த மரபு நம்முடையது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பதும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பதும் நமக்குக் கிடைத்த செய்திகள். இவற்றினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பாடியவர் பெயர் தெரியாதவிடத்தும் தொகுத்தோர் பாட்டைக் கைவிட்டாரில்லை. அப்பாட்டில் வரும் அரிய தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப் பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவரே. தொகுப்பு ஒன்றை எடைபோட இவ்வொரு செய்தியே நல்ல அளவுகோல் ஆகும். எதைச் சேர்த்தார்கள் என்பதோடு, யாரை மறவாதிருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு நாம் ஆராயப் புகுவது ஓர் ஒலிநாடா. 1990ஆம் ஆண்டை ஒட்டி எம் தந்தையார் போடிநாயக்கனூரில் ஒரு பாடற்பதிவுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, இளையராசா இசையில் கித்தார் சிறந்து விளங்கும் பாடல்களாகத் தேர்ந்து பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட்டு அது. மூணாற்றை அடுத்த தேயிலைத் தொழிற்சாலையில் பணிசெய்த அவர், ஊருக்குப் போய்த் திரும்புகையில் போடிமெட்டு ஏறி எமக்குக் கொண்டுவந்த பொருள்களுள் இன்றும் எஞ்சியிருப்பது அது ஒன்றே. பாலக்காட்டில் எம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இதைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இத்தகைய நாடா ஒன்று இருந்திருக்கும். மலையாள நாட்டில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நாளில் அதுவே நூலகமும் கச்சேரி மேடையும் ஆயிற்று.

முதலில் நாடாவின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராசா, சென்னையில் தன்ராசு மாசுட்டரிடம் மேலையிசை பயின்றவர். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தேறியவர். இசையமைப்பாளர் ஆகுமுன் பிறர் இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். ஆதலின் அவர் பாட்டில் கித்தார் ஒப்பனைக்காக வருவதன்று. பாட்டின் எலும்பாக நிற்பது. ‘பகலில் ஓர் இரவு’ (1979) படத்தில் எசு. பி. பாலசுப்பிரமணியம் தனித்துப் பாடிய பாட்டைக் கேளுங்கள். பாடகர் குரல் மேலே மிதந்து செல்ல, தாழ்சுரக் கித்தார் கீழே தனக்கென வேறொரு நடை நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை, ஆயினும் பிரிவதுமில்லை. ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) பாட்டிலோ கித்தார் இளங்காலைக் காற்றுப்போல் படர்ந்து, பள்ளிப் பருவத்துக் காதலுக்கு வேண்டிய தயக்கத்தையும் துள்ளலையும் ஒருங்கே தருகிறது.

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்து நிலாப் பாடல் இந்நாடாவின் மணிமுடி. அதன் தொடக்கத்தில் கித்தார் விரைந்து உதிர்க்கும் சுரங்களைக் கேட்ட இளைஞர் எத்துணையோ பேர், கித்தார் வாங்கித்தர வேண்டுமென்று வீட்டில் அடம்பிடித்ததுண்டு. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கடையில் எழுதித் தந்த அட்டையில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் உள்ளன. சந்திரசேகர் பெயர் இல்லை. கித்தார்ப் பாடல்கள் என்று கேட்டு வாங்கிய நாடாவில் கித்தார் வாசித்தவர் பெயர் இல்லாமற் போனது முதற்குறை. பெயரறியாப் புலவர்க்கும் பெயர் சூட்டிய மரபில் வந்த நாம், பெயருள்ள கலைஞரைப் பெயரற்றவர் ஆக்கினோம்.

இரண்டாங்குறை, பாட்டை அதன் நிலத்திலிருந்து பிடுங்கியமை. ‘மூடுபனி’ (1980) இளையராசாவின் நூறாவது படம். அதில் கே. சே. யேசுதாசு பாடும் பாடல் நாடாவில் தூய காதற்பாட்டாக ஒலிக்கிறது. திருமண வீடுகளிலும் அவ்வாறே ஒலித்தது. ஆனால் படத்தில் அதைப் பாடுபவன் மனம் பிறழ்ந்தவன், கொலை செய்தவன். கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அவன் கனிந்து பாடும்போது, அக்கனிவே நமக்கு அச்சம் தரவேண்டும் என்பது பாலு மகேந்திராவின் நோக்கம். கித்தாரின் மென்மைக்குள் இருக்கும் அந்த நடுக்கம் நாடாவில் ஏறவில்லை. திணையும் துறையும் குறிக்காத தொகையில் இவ்விழப்பு தவிர்க்கவொண்ணாதது.

மூன்றாங்குறையைச் சொல்லுமுன் வாசகரைச் சற்றுத் தொலைவு அழைத்துச்செல்ல வேண்டியிருக்கிறது. தொகுப்பு என்பது என்ன செய்யவல்லது என்பதற்கு அங்கே நல்லதொரு சான்று உண்டு.

அமெரிக்காவின் மிசிசிப்பி நாட்டில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு ‘புளூசு’ என்பது. ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாமடியில் விடை சொல்வது அதன் பொதுவான யாப்பு. காட்டில் கூடி உழைக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். தனியே ஊர்சுற்றும் பாணனுக்கு வாங்கிப் பாட ஆளில்லை. ஆகவே அவன் அடிபாடி நிறுத்த, கித்தார் மறுமொழி சொல்கிறது. கித்தார் அங்கே பக்கவாத்தியம் அன்று. உடன் உழைத்தோரின் குரல் என்றே நாம் கொள்கிறோம். நம் மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்டிர் ஒருவர்க்கொருவர் பாட்டு எடுத்துக் கொடுத்ததைக் கேட்டவர்க்கு இது விளங்கும்.

அப்பாணர்களுள் ஒருவர் இராபர்ட் சான்சன். 1936இலும் 1937இலுமாகத் தெக்சாசில் இருமுறை அவர் பாட்டுகள் பதிவாயின. மொத்தம் 29 பாட்டுகள். 1938இல் தம் 27ஆம் வயதில் அவர் இறந்தார். 1961இல் கொலம்பியா நிறுவனம் அவற்றுள் 16 பாட்டுகளைத் தொகுத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. கடல் கடந்து இங்கிலாந்தில் அதைக் கேட்டுக் கேட்டுக் கற்ற இளைஞருள் எரிக் கிளாப்டன் ஒருவர். 1945இல் பிறந்த அவர் இளையராசாவுக்கு இரண்டாண்டு இளையவர். சான்சன் 1936இல் பாடிய நாற்சந்திப் பாட்டைக் கிளாப்டன் தம் ‘கிரீம்’ குழுவினருடன் மின்கித்தாரில் புதுக்கினார். பொழுது சாயும் வேளையில் நாற்சந்தியில் நின்று, போகும் வண்டியில் இடம் கேட்டும் கிடைக்காத ஒருவனின் பாட்டு அது. 1968இல் வெளிவந்த அந்தப் பதிவு உலகெங்கும் அறியப்பட்டது.

1988இல் கிளாப்டனின் பாட்டுகள் நான்கு தட்டுகளில் 73 பாட்டுகளாகத் தொகுக்கப்பெற்றன. அத்தொகுப்பின் பெயர் ‘நாற்சந்தி’ என்பதே. பெரும்புகழ் பெற்ற பாட்டுகளை மட்டும் அடுக்காமல், இளமைக்காலக் குழுவில் வாசித்தது முதற்கொண்டு காலமுறையில் வைத்திருப்பதால், கலைஞன் வளர்ந்த வழி நமக்குத் தெரிகிறது. அதில் தளர்ந்த பாட்டுகளும் உண்டு. இறுதித் தட்டில் பளபளப்பு மிகுந்து உணர்ச்சி குறைந்த இடங்களும் உண்டு. எனினும் முகப்பிலேயே தன் ஊற்று எது என்று சொல்லிவிடுகிறது அத்தொகுப்பு. பின்னர் 2004இலும் கிளாப்டன் சான்சனின் பாட்டுகளை மட்டுமே கொண்ட தனித்தொகுதி ஒன்றை வெளியிட்டார். பெருஞ்செல்வம் ஈட்டியவர் வறுமையில் மாண்டவர்க்குப் பட்ட கடனை இப்படித் தீர்த்துவிட முடியுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கடன் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

இனி நம் நாடாவின் மூன்றாங்குறை. இதைக் கண்டறிந்தவர் நாம் அல்லோம்; எம் அப்பத்தா. எழுத்தறியாதவர், கம்பம் பக்கத்திலிருந்து இளவயதில் மலையேறி வந்து, முப்பதாண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். நாடா வந்த அன்று லயத்து வீட்டுத் திண்ணையில் அனைவரும் கூடியிருந்து கேட்டோம். இரு பக்கமும் முடிந்தபின் அப்பத்தா கேட்டார்:

“இதுல அவுக அண்ணன் பாட்டு இல்லியாப்பா?”

எம் தந்தையார் சிரித்தார். நாமும் சிரித்தோம். பொருள் அறியாத சிரிப்பு அது.

அப்பத்தா கேட்டது பாவலர் வரதராசனை. 1956இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக வரதராசன் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடினார். மேடைப்பேச்சு எட்டாத காதுகளுக்கு அவர் பாட்டு எட்டியது. அக்காலத்தில் அண்ணனோடு பாடப் புறப்பட்ட சிறுவன் இராசையாவே பின்னாளைய இளையராசா. பெண்குரலில் பாடவேண்டிய பகுதிகளை அச்சிறுவன் பாடினான் என்பர். ‘அன்னக்கிளி’ (1976) வெளிவருவதற்கு முன்பே வரதராசன் மறைந்துவிட்டார். தம்பியர் தம் பட நிறுவனத்துக்குப் பாவலர் என்று பெயரிட்டு அவர் நினைவைப் போற்றினர். எனவே ஊற்றை மறந்தவர் இசையமைப்பாளர் அல்லர். பட்டியல் எழுதிய நாமே. கடைக்காரர் காட்டிய பட்டியலில் படப்பாட்டு மட்டுமே இருந்தது. அதற்கு அப்பால் பாட்டு உண்டு என்று எண்ண எமக்குத் தோன்றவில்லை.

அன்று எம் சிரிப்பைப் பொருட்படுத்தாமல், அப்பத்தா தமக்கு நினைவிலிருந்த தேர்தற்பாட்டைப் பாடத் தொடங்கினார். பின்னர் அதிலிருந்து கொழுந்துப் பாட்டுக்குச் சென்றார், அதிலிருந்து தாலாட்டுக்கு. ஒரு பாட்டு முடியுமிடம் தெரியாமல் அடுத்தது பிறந்தது. பக்கத்து லயத்துப் பெண்டிர் இருவர் வந்து வாங்கிப் பாடினர். டேப் ரிக்கார்டர் அவர் காலடியிலேயே இருந்தது. அதில் சிவப்புப் பொத்தான் இருந்தது. நாடாவின் இரண்டாம் பக்கத்தில், பாடல்கள் முடிந்தபின், மூன்று நிமிடத்துக்குமேல் வெற்றிடமும் இருந்தது. ஒருவருக்கும் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை. சிறிது பொழுதில் நாம் நாடாவைத் திருப்பிப் போட்டு, நிலாப் பாடலை மறுபடி கேட்கலானோம். அப்பத்தா நிறுத்திக்கொண்டார்.

அவர் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பாட்டின் மெட்டில் ஒரு துண்டு எமக்கு நினைவிருக்கிறது, சொற்கள் இல்லை.

இராபர்ட் சான்சன் நல்ல பாணர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைப்போல் பாடியவர் அப்பருத்திக் காடுகளில் இன்னும் பலர் இருந்திருப்பர். ஒலிவாங்கியின் முன் சிலர் அமர்த்தப்பெற்றனர், பலர் அமர்த்தப்பெறவில்லை. பதிந்ததிலிருந்தே தொகுக்க முடியும். தொகுத்ததிலிருந்தே அடுத்த தலைமுறை கற்க முடியும். ‘சிறந்தவை’ என்று எழுதி விற்கும் எந்தத் தொகுப்பையும் இவ்வுண்மையை மனத்திற்கொண்டே கேட்கவேண்டும். அது சிறந்தவற்றின் தொகுப்பன்று. பதிவானவற்றுள் விரும்பப்பட்டவற்றின் தொகுப்பு. எம் தந்தையாரின் நாடாவை நாம் குறைத்துச் சொல்வதாக எண்ணற்க. இன்றும் அது எமக்கு இனியதே. ஆனால் அந்த வெற்றிடம் வருமிடத்தில் நாடாவை நிறுத்தாமல் ஓடவிடுவது எம் வழக்கம். இரைச்சல் மட்டும் கேட்கும். அதுவும் தொகுப்பின் ஒரு பகுதி என்றே கருதுகிறோம்.

கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வேலந்தாவளத்திலும், தேவிகுளத்து மலைகளிலும் பீர்மேட்டிலும், பாட்டறிந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்கு அவர்கள் பாடும் தமிழே முதல் தமிழ். இந்நாளில் பதிவு செய்யக் கடைக்குப் போக வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்று போதும். பாடியவர் பெயர், ஊர், தோட்டம், எப்போது பாடுவது என்னும் நான்கையும் மறவாமல் சொல்லச்செய்து பதிந்தால், திணையும் துறையும் வகுத்த முன்னோர்க்கு நாம் ஒவ்வாதவர் ஆகமாட்டோம். அடுத்த பொங்கல் விழாவுக்குள் நம் சங்கத்து உறுப்பினர் வீட்டுக்கு ஒரு பாட்டேனும் கொண்டுவருதல் இயலாததன்று. பிள்ளைகள் சிரித்தால், பாடுபவரை நிறுத்தவிடாமல் தொடர்ந்து பாடச் சொல்லுங்கள்.