சுதமதி நுழைந்த கோட்டம்

ஊருக்குள் பாதுகாப்பாக இருக்க முடியாத இரண்டு பெண்களிடம், இன்றிரவு சுடுகாட்டில் போய்த் தங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தெய்வம் யோசனை சொல்கிறது. மணிமேகலையின் ஆறாவது காதை தொடங்குவது இப்படித்தான். புகாரில் இந்திர விழா நடக்கிறது. பூப்பறிக்க உவவனத்துக்கு வந்த மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் தேரில் வந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். அது தவத்தோர் இருக்கும் வனம் என்பதால்தான் அவன் அடங்கிப் போனான், தெருவில் கண்டால் விடமாட்டான் என்கிறது ஊர்ப்பெண் வேடத்தில் வந்த மணிமேகலா தெய்வம். மேற்கு மதிலில் ஒரு சிறு வாயில் இருக்கிறது, அது வழியாகச் சக்கரவாளக் கோட்டத்துக்குப் போய்விடுங்கள் என்று வழியும் காட்டுகிறது.

சுதமதிக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஊரே சுடுகாட்டுக் கோட்டம் என்று சொல்லும் இடத்தை நீ மட்டும் ஏன் சக்கரவாளக் கோட்டம் என்கிறாய் என்று கேட்கிறாள். காதையின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில். தமிழ்க் கற்பனை எழுப்பிய மதில் சூழ்ந்த ஊர்களில் மிக விசித்திரமானது இந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது.

இந்தக் காதையைப் பலரும் நிலையாமைப் பாடமாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உ.வே.சா. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்ததிலிருந்து, இந்தக் காப்பியத்தைப் பௌத்தத் தத்துவ நூலாகவோ, சிலப்பதிகாரத்தின் சுவை குறைந்த தொடர்ச்சியாகவோ பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. கிளைக்கதைகள் கதையோட்டத்தைக் கெடுக்கின்றன என்ற குறையைக் கல்லூரி நாட்களில் நானும் கேட்டிருக்கிறேன். கிளைக்கதைகளையும் பெண்களையும் சேர்த்து வைத்தே இந்தக் காப்பியத்தை அணுக வேண்டும் என்று 1988இல் தனி நூலே எழுதினார் பவுலா ரிச்மன். அந்தத் திசையில்தான் நானும் போகிறேன், ஆனால் எனக்கு முக்கியம் அந்த இடம். மதில், வாயில், அதற்குள் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கு.

கோட்டத்துக்கு நான்கு வாயில்கள். ஒன்று தேவர்கள் நுழைவதற்கு, கொடி பறக்கிறது. இன்னொன்றில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் தீட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் வெள்ளைச் சுதை மட்டும், ஒரு கோடுகூட இல்லை. நான்காவதில் உதட்டை மடித்துக் கடுங்கோபத்தோடு பூதம் நிற்கிறது. செழிப்பு, வெறுமை, அச்சம் எல்லாமே சாவுக்குப் போகும் வழிகள் என்று சொல்லாமல் சொல்லும் கட்டடக் கலை இது. உள்ளே காளி கோயில், மன்றங்கள், மரங்கள், தவசிகள் தங்கும் குகைகள். நடுநடுவே சுட்ட செங்கல்லால் எழுப்பிய நினைவுக் கோட்டங்கள், சிறியவையும் குன்றுபோல் உயர்ந்தவையுமாக.

இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நினைவுக் கோட்டம் யாருக்கு? தவம் செய்தவர்களுக்கு, அரசர்களுக்கு, கணவனோடு சேர்ந்து மாய்ந்த பெண்களுக்கு. அதுவும் நான்கு வருணத்துக்கும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டி. ஆண் இரண்டு வழிகளில் நினைக்கப்படுகிறான், ஆண்டதற்காக அல்லது துறந்ததற்காக. பெண்ணுக்கு ஒரே வழி. அவள் அவனோடு எரிந்திருக்க வேண்டும். சாவு எல்லாரையும் சமமாக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சாத்தனாரின் சுடுகாட்டுக்குள் ஒருமுறை போய் வரலாம். உடலை எரிப்பவர், வெளியில் இட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழியில் கவிப்பவர் என்று அவர் அடுக்குவது சமமாகத்தான் இருக்கிறது. செங்கல் வரும்போது மட்டும் சாதியும் வந்துவிடுகிறது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைப் புத்தகம் இல்லாமலே படிக்கலாம். மல்லசந்திரத்துப் பாறை மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. மாவட்டம் முழுக்க நடுகற்கள், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். நடுகல்லில் வீரன் வாளோடும் வில்லோடும் நிற்கிறான். அவனோடு மாய்ந்த பெண்ணுக்கு எழுப்பும் சதிக்கல்லில், கர்நாடகப் பக்கம் மாஸ்திக்கல் என்பார்கள், பல சமயம் முழு உருவம்கூட இருப்பதில்லை. ஒரு தூண், அதிலிருந்து மடிந்து உயர்ந்த ஒரு கை, கை நிறைய வளையல். வளையல் உடைபடாமல் செத்தாள் என்பதுதான் அந்தக் கல் சொல்லும் மொத்த வரலாறு.

கோட்டத்தின் ஓசைகளைச் சொல்லும்போது சாத்தனார் இன்னொன்றும் செய்கிறார். செம்பஞ்சுக் குழம்பு பூசிய பாதத்தை நரி கவ்விக்கொண்டு ஊளையிடுகிறது. இடைக்குக் கீழே கழுகு குடைகிறது. கடகம் அணிந்த கையை நாய் கடிக்கிறது. சந்தனம் பூசிய மார்பைப் பருந்து கொத்துகிறது. ஒரு பேய் பெண்ணின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடுகிறது. கூந்தலை மேகமென்றும் கண்ணைக் கயலென்றும் பல்லை முத்தென்றும் புலவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த எதையும் சொல்லாமல், இரக்கமும் இல்லாமல், அது கண்ணைத் தோண்டித் தின்கிறது.

பெண் பிணத்தைக் காட்டி ஆணுக்குத் துறவைப் போதிப்பது பௌத்தக் கதைகளின் பழைய உத்தி. லிஸ் வில்சன் 1996இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அழுகும் உடல் அவளுடையது, ஞானம் அவனுடையது. மணிமேகலையும் இதே உத்தியைத்தான் எடுத்தாள்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கே கேட்டுக்கொண்டிருப்பது யார்? இரண்டு பெண்கள். சற்று முன்புதான் ஒரு ஆண் அவர்களில் ஒருத்தியின் அழகை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். பாதம், கை, மார்பு, கண், கூந்தல் என்ற அந்தப் பட்டியல் யாருடைய வாயிலிருந்து புறப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே இதைக் கேட்கும் பெண்ணின் காதில் நரியும் கழுகும் நிலையாமையைச் சொல்வதைவிட, கேசாதிபாத வருணனை செய்கிற ஆண்களைத்தான் அதிகம் நினைவூட்டும் என்று நான் வாசிக்கிறேன். உவமை சொல்லாத பேய் ஒருவகையில் நேர்மையானது.

அந்தக் கூத்தைப் பார்த்துப் பயந்து சார்ங்கலன் என்ற சிறுவன் ஓடிப்போய்த் தாயிடம் சொல்லி உயிரை விடுகிறான். தாய் கோதமை. நள்ளிரவில் பிணத்தைத் தழுவி எடுத்துக்கொண்டு கோட்டத்தின் மதிலோரம் வந்து, ஊர்க்காவல் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா, கண்ணில்லாத என் கணவனை அவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். தன் உயிரைச் செலவுக் கணக்கில் எழுதுவதற்கு அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சம்பாபதி மறுக்கிறாள். உயிருக்கு உயிர் தர முடியுமென்றால் அரசர்களுக்காக உயிர்கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்களே, இங்கே அரசர்களின் கோட்டங்கள் ஏன் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன என்று கேட்கிறாள். இந்தக் காப்பியத்தில் எனக்கு மிகப் பிடித்த எள்ளல் இது.

கோதமை அதோடு விடுவதில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை சொல்கிறதே, நீ தராவிட்டால் நான் இங்கேயே சாவேன் என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தச் சக்கரவாளத்திலுள்ள தேவர்கள் அனைவரையும் சம்பாபதி அங்கே வரவழைக்க வேண்டியதாகிறது. பாலி மரபின் கிசா கோதமியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இறந்த குழந்தையோடு வந்தவளிடம் சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார் புத்தர், அவள் வீடுவீடாகப் போனாள். தமிழ்க் கோதமை எங்கும் போகவில்லை. அவள் நின்ற இடத்துக்குத் தேவர் கூட்டம் வந்தது. மகன் கிடைக்கவில்லை, விதியை ஏற்கத்தான் வேண்டியிருந்தது, அந்த வகையில் பிரதி அவளுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு தாயின் பிடிவாதத்துக்குப் பிரபஞ்சமே வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மறைக்கவும் இல்லை.

அந்த நிகழ்வின் நினைவாகத்தான் மயன் அங்கே சக்கரவாளத்தின் மாதிரியைச் சமைத்தான். நடுவில் மேரு, சுற்றி ஏழு மலைகள், நான்கு பெருந்தீவுகள், இரண்டாயிரம் சிறு தீவுகள். பெயர் வந்த கதை இது. ஊர் மறந்து சுடுகாடு என்கிறது, பெண் தெய்வம் மட்டும் நினைவு வைத்திருந்து இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிறது. அப்படியும் பெயரில் இருப்பது மயனின் வேலை. கோதமையின் பெயர் அதில் இல்லை.

கோட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். வளைவு, சுற்றி அடைத்த இடம் என்பதெல்லாம் அதன் பொருள், கோட்டை அதற்கு உறவு. மணிமேகலைக்குள் சுடுகாட்டுக் கோட்டம் உண்டு, சிறைக்கோட்டம் உண்டு, அறக்கோட்டம் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. தேன், கனி, கோட்டை என்று கேட்டால் மாயக்கதையில் வரும் ஊர் போலிருக்கும். பேருந்தை விட்டு இறங்கினால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த ஒரு சிறிய சந்தையூர், யானை இறங்கும் காடு, காட்டுக்குப் பெயர் ஓசூர் வனக் கோட்டம். இந்தப் பக்கம் இப்போது புதிய மதில்கள் எழுந்திருக்கின்றன, ஓசூரிலிருந்து கெலமங்கலம், சூளகிரி வரை. சில ஆலைகள் பெரும்பாலும் இளம்பெண்களையே வேலைக்கு எடுக்கின்றன. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் முடிந்ததும் இறக்கிவிடுகிறது. வெளியூர்ப் பெண்களுக்கு விடுதி.

ஒரு விடுதியில் இருக்கும் பெண்ணிடம் ஆறாவது காதையை வாய்மொழியாகச் சொன்னேன். அவள் பளிக்கறையில் நின்றுவிட்டாள். நான்காவது காதையில் இளவரசன் வரும்போது மணிமேகலை உவவனத்துப் பளிங்கு மண்டபத்துக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். அவனுக்கு அவள் தெரிகிறாள், கதவு மட்டும் தெரியவில்லை, சுவரைத் தடவிக்கொண்டு சுற்றுகிறான். "எங்க ஹாஸ்டல் மாதிரிதான்க்கா. கேமரா இருக்கு, பயமில்ல. ஆனா யாரோ பாத்துட்டே இருக்காங்க" என்றாள். வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் ஊரிலுள்ள அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்பாராம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவது அவள்தான்.

ரொக்கேயா சகாவத் உசேன் 1905இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்தான் வெளியானது. அதில் ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே. மதிலை அப்படியே திருப்பிப் போட்டுவிடுகிறார் ரொக்கேயா. அந்தக் குறும்பு சாத்தனாரிடம் இல்லை. அவருடைய ஊரில் ஆண் வெளியே திரிகிறான், பெண் ஒரு மதிலிலிருந்து இன்னொரு மதிலுக்கு ஓடுகிறாள், ஓடத் தகுந்த கடைசி இடம் பிணங்களின் ஊர். அங்கே அவளை விரும்பி வர எவனும் இல்லை.

இதையே இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. தெய்வம் கதையை நீட்டிக்கொண்டே போக, சுதமதி தூங்கிவிடுகிறாள். மணிமேகலையைத் தழுவி எடுத்துக்கொண்டு முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் விட்டுவிடுகிறது தெய்வம். மணிமேகலையை யாரும் கேட்கவில்லை. விழித்தெழுந்து, தெரியாத கடற்கரையில் சுதமதியைக் கூப்பிட்டு அவள் அழுவது எட்டாவது காதையில் இருக்கிறது. சுதமதி யார்? ஒரு விஞ்சையனால் வானவழியே தூக்கிச் செல்லப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட பார்ப்பனப் பெண். ஒரே காப்பியத்துக்குள் இரண்டு முறை ஒரு பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள். ஒன்றுக்குப் பெயர் வஞ்சனை, மற்றதற்குப் பெயர் அருள். அந்த இளவரசன் பின்னால் தன் நெஞ்சம் போனதாக மணிமேகலை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அதைத் தெய்வம் ஒரு காதிலும் வாங்கிக்கொள்ளவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம் என்பதால், இந்தத் தெய்வத்தை முழுமனதோடு கொண்டாட என்னால் முடியவில்லை.

பின்னால் மணிமேகலை கற்றுக்கொள்கிறாள். மாவண்கிள்ளியிடம் அவள் கேட்கும் ஒரே கொடை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்பது. சுவர் அதேதான், கதவு மட்டும் மாறுகிறது. அதை மாற்றியவளையே, உதயகுமரன் கொலையுண்டதும், சிறையில் வைக்கிறார்கள். அங்கிருந்து அன்போடு விடுவித்துத் தன்னிடம் கூட்டிப்போகும் இராசமாதேவி, மருந்து கொடுக்கிறாள், ஓர் ஆணை ஏவுகிறாள், கடைசியில் புழுக்கறையில் அடைக்கிறாள். இந்தக் காதைக்குப் பெயர் ‘சிறைவிடு காதை’.

சக்கரவாளக் கோட்டத்துக்கு அன்றிரவு போனவள் யார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மணிமேகலை போகவில்லை, அவள் தீவில் கிடக்கிறாள். போனது சுதமதி. தெய்வம் அவளை எழுப்பிச் செய்தி சொல்லிவிட்டு மறைகிறது, துணையும் இல்லை. மேற்கு வாயில் வழியாக அவள் தனியே நடக்கிறாள். ஆணால் கெட்டவள் என்பதால் தன் தந்தையோடு சேர்ந்து ஊராரால் ஒதுக்கப்பட்டவள், மாடு முட்டிக் குடல் சரிந்த தந்தையோடு அடைக்கலம் கேட்டு ஒரு பள்ளியின் வாசலில் விரட்டப்பட்டவள், யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று அகலத் திறந்து கிடக்கும் கோட்டத்து வாயிலைத் தாண்டி, உலக அறவியில் ஒரு பக்கமாகப் போய் உட்காருகிறாள். அங்கே ஒரு தூணில் செதுக்கிய பாவை அவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசத் தொடங்குகிறது.